வினையின் எடை

கோவலன் வெட்டுண்டதற்கு மதுராபதித் தெய்வம் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. பள்ளியில் படித்த வயதிலும் முடியவில்லை. கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிலப்பதிகாரத்தை ஆற அமரப் படித்தபோதும் முடியவில்லை. மதுரை எரிந்துகொண்டிருக்கிறது. தன் மார்பைத் திருகி எறிந்துவிட்டு நிற்கிற ஒருத்தியின் பின்னால் வந்து, ஊர்த் தெய்வம் பழைய கதை ஒன்றைச் சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்று ஓர் அரச ஊழியன் இருந்தான். சங்கமன் என்ற வணிகனைப் பகை நாட்டு ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலை செய்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அழுது அலைந்து, மலையேறி உயிரை விட்டாள், விடும்போது சாபமிட்டாள். அந்தப் பரதன்தான் இந்தப் பிறவியில் உன் கணவன் கோவலன்.

பொய்க் குற்றச்சாட்டுக்குப் பொய்க் குற்றச்சாட்டு, வணிகனுக்கு வணிகன், கதறிய மனைவிக்குக் கதறிய மனைவி. இரண்டு பக்கமும் சமமாகிவிடுகிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எனக்கு இந்தச் சமன்பாடே பெரிய உறுத்தலாகிவிட்டது. சிலம்பைத் திருடாதவன் என்று மன்னன் அவையில் நிரூபிக்கப்பட்ட கோவலன், இந்த ஒரு கதையால் மறுபடி குற்றவாளி ஆகிவிடுகிறான். இம்முறை மேல்முறையீடு செய்யவும் இடமில்லை.

எனக்கு இது ஏட்டுச் சண்டை இல்லை. என் அக்கா மகன் பிறக்கும்போதே மூளைக்குக் காற்று குறைந்து பிறந்தவன். கால்கள் இரண்டும் வலது கையும் அவன் சொன்னபடி கேட்காது. பேச்சு மெதுவாக வரும்; அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் குழந்தையாக இருந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "போன ஜென்மத்துல யாருக்கு என்ன செஞ்சானோ, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்பானவர்கள்தான். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அவன் இப்போது முப்பதைக் கடந்தவன். திருநகர் மூன்றாவது ஸ்டாப்புக்குப் பக்கத்தில் அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில், திருப்பரங்குன்றம் மலை தெரிகிற ஜன்னலை ஒட்டி அவன் மேஜை. இடது கையால் தட்டச்சு செய்து, சதுரங்க நிரல்களுக்கு ஓப்பனிங் புக் தயாரிக்கிறான். மதுராபதிக்குச் சொல்லவேண்டிய பதில் எனக்கு அந்த மேஜையில்தான் கிடைத்தது. சைவ சித்தாந்த வகுப்பில் பல வருஷம் உட்கார்ந்து கேட்டும் கிடைக்காதது அது.

ஓப்பனிங் புக் என்பது வேறொன்றும் இல்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் எந்த நிலையில் எந்த நகர்வை ஆடலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்த கோப்பு. வெள்ளையின் முதல் நகர்வுக்கு 20 வழி. கறுப்பும் ஆடிவிட்டால் 400. ஆளுக்கு இரண்டு நகர்வு முடியும்போது 1,97,281 வழிகள். இந்தக் காட்டில் ஒவ்வொரு முறையும் நிரல் புதிதாகத் தேடிக்கொண்டிருந்தால் கடிகாரம் ஓடிவிடும். ஆகவே முன்னோர் ஆடிய லட்சக்கணக்கான ஆட்டங்களை அரைத்து, நிலைக்கு நிலை நகர்வுகளை எழுதி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஓர் எடை கொடுத்து வைக்கிறார்கள். எடை கூடின நகர்வை நிரல் அதிகமாகத் தேர்ந்தெடுக்கும்.

பரவலாகப் புழங்குகிற வடிவம் பாலிகிளாட். ஃபாபியன் லெதூஸே என்ற பிரெஞ்சு நிரலாளர் செய்தது. ஒரு பதிவுக்கு 16 பைட்: 8 பைட்டில் பலகையின் நிலை, 2 பைட்டில் நகர்வு, 2 பைட்டில் எடை, மீதி 4 பைட் கற்றலுக்கு. ஆட்டத் தொகுப்பிலிருந்து புக் தயாரிக்கும்போது அது எடை போடும் கணக்கு மிக எளியது. அந்த நகர்வை ஆடியவர் ஜெயித்திருந்தால் இரண்டு, டிராவுக்கு ஒன்று, தோற்றிருந்தால் ஒன்றுமில்லை. கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை அவன் எனக்கு விளக்கியபோது, வினைக்கணக்கு என்று நாம் சொல்வது இதுதானே என்று பட்டது. செய்த செயல், அதன் பலன், பலனைக் கொண்டு செயலுக்கு ஒரு மதிப்பு, அந்த மதிப்பு அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வருவது. நான் அப்படியே சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சித்தி, அந்தக் கணக்குல இருக்கற தப்பைப் பாத்தீங்களா?" என்றான். குகேஷின் கடைசி ஆட்டத்தைத் திரையில் எடுத்தான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டம். டிங் லிரென் வெள்ளை, சென்னைப் பையன் குகேஷ் கறுப்பு. ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். அதுதான் பிழை. காய்களை மாற்றிக்கொண்டு சிப்பாய் ஆட்டத்தில் ஜெயித்துவிடலாம் என்பதைக் குகேஷ் பார்த்துவிட்டார். 18 வயதில் உலகச் சாம்பியன்.

இந்த ஆட்டத்தைப் பாலிகிளாட் கணக்கில் போட்டால், டிங் முதல் நகர்வாகக் குதிரையை எஃப்3-க்கு எடுத்து வைத்தாரே, அதற்கு இந்த ஆட்டத்திலிருந்து கிடைப்பது சுழியம். குகேஷ் இரண்டாவதாக நகர்த்திய சிப்பாய்க்கு இரண்டு. அந்தக் குதிரை என்ன தவறு செய்தது? அது வெளியே வந்து ஐம்பத்து நான்கு நகர்வுக்குப் பிறகு, பலமணி நேரக் களைப்பில் ஒரு மனிதர் செய்த பிழையின் தண்டனை அதன் தலையில் ஏறுகிறது. உலகத்தின் மிக நல்ல முதல் நகர்வுகளில் ஒன்று அது. எத்தனையோ ஆயிரம் ஆட்டங்களைச் சேர்த்துக் கூட்டும்போது இந்த அநியாயம் கரைந்துபோகும் என்று நம்பித்தான் புக் தயாரிக்கிறார்கள். ஓர் ஆட்டத்தை மட்டும் எடுத்தால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை.

புக் தயாரிப்பவர்கள் இதை ரொம்ப நாளாகவே அறிவார்கள். காஸ்பரோவை வென்ற டீப் புளூவுக்கு இரண்டு புக் இருந்தன. ஜோயல் பெஞ்சமின் முதலான கிராண்ட்மாஸ்டர்கள் கையால் கட்டிய சுமார் 4,000 நிலைகள் ஒன்று. ஏழு லட்சம் ஆட்டங்களிலிருந்து இயந்திரமே திரட்டியது இன்னொன்று. இரண்டாவதில் ஒரு நகர்வை எடைபோட வெற்றி தோல்வி மட்டும் போதவில்லை. எத்தனை முறை ஆடப்பட்டது, ஆடியவர் எவ்வளவு வல்லவர், அண்மையில் ஆடினார்களா, பார்த்த வல்லுநர்கள் அதற்கு என்ன குறி போட்டார்கள் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் எடை. ஒரு செயலை மதிப்பிட, செய்தவர் யார், எந்தச் சூழலில், அறிந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கிற பழக்கம் நம் அறநூல்களுக்கும் உண்டு. நம் வீட்டுக்கு வந்து போனவர்களுக்குத்தான் அது இல்லாமல் போயிற்று.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ராபர்ட் ஹயட் செய்தது. அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். கிராஃப்டி என்ற நிரலை எழுதியவர். நிரல் தன் அனுபவத்திலிருந்தே புக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் முறை வகுத்து 1999-இல் எழுதினார். தோற்ற ஆட்டத்தின் தொடக்கத்தைக் குறைத்து மதிப்பிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தோல்வி தொடக்கத்தால் வந்ததா, பின்னால் நடந்த பிழையால் வந்ததா என்பது முடிவைப் பார்த்தால் தெரியாது. ஆகவே ஆட்டத்தின் முடிவுக்குப் போகாமல், புக்கை விட்டு வெளியே வந்ததும் நிரல் ஆடும் முதல் சில நகர்வுகளில் தன் நிலைமையை அது எப்படி மதிப்பிடுகிறது என்று பார்க்கச் சொன்னார். புக் கொண்டுவந்து விட்ட இடம் நல்ல இடமா? அது மட்டும்தான் புக்கின் பொறுப்பு. அதற்கப்புறம் நடந்ததற்கு அப்புறம் ஆடியவரே பொறுப்பு.

இதைக் கேட்ட அன்று இரவு, வழக்குரை காதையைத் திரும்பப் படித்தேன். பாண்டியன் நெடுஞ்செழியன் செய்ததும் இதைத்தான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது அவன் பிழை எங்கே நடந்தது என்று மிகச் சரியாகக் கண்டுகொண்டான். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, விசாரிக்காமல், தான் கொடுத்த ஆணையில் நடந்தது. கள்வன் தானே என்று சொல்லி அரியணையிலேயே விழுந்து செத்தான். முற்பிறவியை அவன் தேடவில்லை. கோவலனின் ஊழ் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் இல்லை. ஐம்பத்தைந்தாவது நகர்வின் பழியை ஐம்பத்தைந்தாவது நகர்விலேயே வைத்தான். இளங்கோவடிகள் இரண்டையும் ஒரே காப்பியத்தில் வைத்திருக்கிறார்: அரசனின் தீர்ப்பையும், தெய்வம் சொன்ன காரணத்தையும். ஊழ்வினையைக் காட்டுவது தன் நோக்கங்களில் ஒன்று என்று பதிகத்திலேயே அறிவித்தவர் அவர். என் மனம் அரசன் பக்கம் நிற்கிறது.

ஆனால் வினைக்கொள்கையைச் சொல்பவர்களின் வாதம் லேசானதல்ல. செயல் எதுவும் வீணாய்ப் போவதில்லை, விதைத்தது விளையும் என்பதை மறுக்க எனக்கு மனமில்லை. நானும் அப்படி நம்பித்தான் வாழ்கிறேன். என் மறுப்பு வேறு இடத்தில். விதைத்தவன் அறுப்பான் என்பது ஒரு திசை. அறுத்ததைப் பார்த்து அவன் விதைத்திருப்பான் என்று சொல்வது எதிர்த் திசை. முதலாவதிலிருந்து இரண்டாவது வராது. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் சொல்லிக்கொடுத்த பாடம் இது. சதுரங்கம் இதை மிக அழகாகக் காட்டுகிறது.

புக்கில் பலகையின் நிலையை 8 பைட்டில் அடக்குவதாகச் சொன்னேன். அதற்கு ஒரு வித்தை உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970-இல் தந்தது. பன்னிரண்டு வகைக் காய், அறுபத்து நான்கு கட்டம். ஆக 768 தற்செயல் எண்கள். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்த எண்களையெல்லாம் ஒன்றோடொன்று கலந்தால் அந்த நிலையின் எண் வந்துவிடும். முக்கியமானது என்னவென்றால், அந்த எண்ணில் வந்த வழி இருக்காது. வெள்ளை ராணி முன்னால் நிற்கும் சிப்பாயை முதலிலும் அதற்கு இடப்பக்கச் சிப்பாயைப் பிறகும் நகர்த்தலாம். வரிசையை மாற்றியும் நகர்த்தலாம். நடுவில் கறுப்பு அதே குதிரையை எடுத்திருந்தால் வந்து சேர்கிற இடம் ஒன்றே, எண்ணும் ஒன்றே. பத்துப் பன்னிரண்டு நகர்வு தாண்டிய ஒரு நிலைக்கு வந்து சேர ஆயிரக்கணக்கான வழிகள் இருக்கலாம். நிலையை மட்டும் பார்த்து, இவர் இந்த வழியாகத்தான் வந்தார் என்று உலகத்தில் எந்த நிரலும் சொல்லாது. சொல்ல முடியாது என்பதனால் சொல்லாது.

அப்படியானால் கடந்ததற்கு நிலையில் இடமே இல்லையா? இருக்கிறது. பாலிகிளாட்டில் மொத்தம் 781 தற்செயல் எண்கள். மீதியுள்ள 13-இல் ஒன்று யார் முறை என்பதற்கு. நான்கு, காஸ்லிங் செய்யும் உரிமைக்கு: ராஜாவோ யானையோ ஒருமுறை அசைந்திருந்தால், திரும்ப அதே இடத்தில் வந்து நின்றாலும் உரிமை போய்விடும். எட்டு, இரண்டு கட்டம் தாவிய சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் பிடிக்கலாம் என்ற ஆன் பாஸான் விதிக்கு. அதிலும் ஒரு நுட்பம்: பிடிப்பதற்குப் பக்கத்தில் எதிரிச் சிப்பாய் நின்றால்தான் பாலிகிளாட் அந்த எண்ணைச் சேர்க்கும். நிற்காவிட்டால், தாவியது நடந்ததுதான் என்றாலும் கணக்கில் வராது. நடந்தவற்றில் இன்னும் பலன் தரக்கூடியது எதுவோ அது மட்டும் நிலைக்குள் இருக்கிறது.

சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரித்துச் சித்தாந்த வகுப்பில் சொல்வார்கள். சேர்ந்து கிடக்கும் வினை, இப்போது பலன் தந்துகொண்டிருக்கும் வினை, இனி ஏறப்போகும் வினை. அதில் பிராரத்தம் எனக்கு அப்போது புரிந்ததைவிட இந்தப் பதின்மூன்று எண்களில் தெளிவாகப் புரிந்தது. என் அக்கா மகனின் கால்கள் நடக்காது என்பது காஸ்லிங் உரிமை போனது மாதிரியான உண்மை. அது நிலையில் இருக்கிறது, அதைக் கணக்கில் எடுத்துத்தான் அவன் ஆட வேண்டும். பிரசவ அறையில் என்ன நடந்தது என்று கேட்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அடுத்த குழந்தைக்கு அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் முந்தைய பிறவியில் அவன் என்ன செய்தான் என்பதற்கு நிலையில் எந்த எழுத்தும் இல்லை. இல்லாத எழுத்தைப் படித்துச் சொல்பவர்கள் தங்கள் மனத்தைத்தான் படிக்கிறார்கள்.

எங்கள் ஊரைச் சுற்றிய மலைகளில் வினையைப் பற்றி நம்மைவிடக் கடுமையாக யோசித்தவர்கள் வாழ்ந்தார்கள். திருப்பரங்குன்றம் மலைக் குகையில் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துகளும் இருக்கின்றன. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும், அங்கே அச்சணந்தி முனிவர் பெயர் சொல்லும் வட்டெழுத்தும் இருக்கின்றன. சமணத்தில் வினை என்பது நுண்ணிய பொருள். உயிரில் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதை ஒட்டவைக்கவும் பிரித்தெடுக்கவும் ஒரு கடவுள் தேவையில்லை. சைவ சித்தாந்தம் இங்கேதான் மறுக்கிறது: வினை சடம், அறிவில்லாதது, செய்தவனைத் தேடி அதுவாக வந்து சேராது, சேர்ப்பிப்பவன் இறைவன். இரண்டு தரப்பு வாதத்தையும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கற்படுக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. அந்த முனிவர்கள் வினைக்கொள்கையைக் கொண்டு தங்கள் உடம்பைத்தான் வருத்திக்கொண்டார்கள். தங்கள் வினையைத் தேய்க்க அதைப் பயன்படுத்தினார்கள். புழு பூச்சிக்குத் துன்பம் தரக்கூடாது என்று மயிற்பீலியால் தரையைக் கூட்டிவிட்டு நடந்தவர்கள், கீழே கிராமத்தில் பிறந்த ஊனக் குழந்தையைக் காட்டி இவன் இன்ன பாவி என்று சொல்லி மலையிறங்கி வந்திருப்பார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சித்தாந்தத்தில் மறக்கருணை என்றும் ஒரு சொல் உண்டு. இறைவன் தரும் துன்பமும் அருள்தான், நோய்க்கு மருந்து போல. பெரியவர்கள் தங்கள் துன்பத்தைப் பற்றி அப்படிச் சொல்லும்போது நான் கைகூப்புகிறேன். இரண்டு வயதுக் குழந்தையின் வலிப்பைப் பார்த்து அந்தச் சொல்லை என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஒரு நண்பர், தமிழ்ப் பேராசிரியர், என்னை மடக்கினார். "பலனை வைத்து எடைபோடுவது தப்பு என்கிறீர்கள். ஆல்ஃபாஜீரோ அப்படித்தானே கற்றது?" நல்ல கேள்வி. 2017-இல் வந்த ஆல்ஃபாஜீரோ என்ற நிரலுக்கு ஓப்பனிங் புக்கே கிடையாது. விதிகளை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். தன்னோடு தானே சுமார் 4.4 கோடி ஆட்டம் ஆடி, மனிதர்கள் நூற்றாண்டுகளாகக் கண்ட தொடக்கங்களில் பலவற்றைத் தானே கண்டுகொண்டது. கற்றுக்கொண்ட முறையைப் பார்த்தால், ஆட்டம் எப்படி முடிந்ததோ அந்த முடிவையே அந்த ஆட்டத்தின் எல்லா நிலைகளுக்கும் விடையாகக் கொடுத்தார்கள். அப்பட்டமான பலன்கணக்கு. அது வேலை செய்தது. ஏன் செய்தது? கோடிக்கணக்கான ஆட்டங்களில் ஒரு நல்ல குதிரை நகர்வுக்கு அநியாயமாக விழுந்த தோல்விகளும் அநியாயமாக விழுந்த வெற்றிகளும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டதால். பெருந்தொகைக்கு அந்த விதி மெய். பொய் சொல்கிறவர்கள் மிகுந்த ஊர் கெடும், உழைக்கிறவர்கள் மிகுந்த ஊர் செழிக்கும். யாரும் மறுக்க மாட்டார்கள். அதிலிருந்து இந்த ஒரு மனிதனின் கேடு இந்த ஒரு பொய்யால் வந்தது என்று பிரித்தெடுக்க வழியில்லை. மதுராபதி பிரித்தெடுத்தாள். தெய்வத்துக்கு முடியலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு முடியாது.

வள்ளுவரும் இரண்டையும் வைத்திருக்கிறார். அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடு முடித்தவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று தனியே ஓர் அதிகாரம் எழுதி, தளராமல் முயல்பவர் அந்த ஊழையும் புறங்காண்பார் என்கிறார். ஊழை அவர் யார் மீதும் குற்றச்சாட்டாக வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, பிறப்பிலேயே ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு? வினைக்கொள்கையின் மிக வலுவான கேள்வி இதுதான். முன்வினை இல்லையென்றால் இறைவன் ஓரவஞ்சகன் ஆகிவிட மாட்டானா? எனக்கு முழு விடை தெரிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்கக் கற்றுக்கொடுத்ததும் ஓப்பனிங் புக்தான்.

இன்றைய நிரல்கள் அவ்வளவு வலிமையானவை. வழக்கமான தொடக்க நிலையிலிருந்து விட்டால் பெரும்பாலும் டிராதான். யார் வல்லவர் என்று தெரியாது. ஆகவே டாப் செஸ் எஞ்சின் சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகளில் வேண்டுமென்றே சமனற்ற தொடக்கங்களைக் கொடுக்கிறார்கள். ஹாலந்துக்காரர் ஜெரோன் நூமன் அந்தப் போட்டிக்குப் பல பருவங்களாகப் புக் தொகுத்தவர். ஸ்டெஃபான் போல் என்ற ஜெர்மானியர், மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து இப்படிப்பட்ட நிலைகளைப் பொறுக்கிப் பெரிய தொகுப்புகள் தந்திருக்கிறார். வெள்ளைக்குத் தெளிவான சாதகம். ஆனால் ஜெயித்தே தீரும் என்று சொல்ல முடியாத அளவு. வெற்றிக்கும் டிராவுக்கும் நடுவிலுள்ள வரப்பில் கறுப்பை நிறுத்துகிறார்கள். என் அக்கா மகன் இப்போது தொகுப்பதும் இப்படி ஒன்றைத்தான். நிலை நிலையாக எடுத்து, நிரலைப் பல மணி நேரம் ஓடவிட்டு மதிப்புப் பார்த்து, அதிகம் சாய்ந்ததையும் சாயாததையும் கழித்துவிடுகிறான்.

அங்கே கறுப்பில் உட்காரும் நிரலைப் பார்த்து, நீ முன்பு செய்த பிழைக்கு இது தண்டனை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். நிலையைத் தேர்ந்தெடுத்தவருக்கு நன்றாகத் தெரியும், அது கறுப்பின் குற்றமில்லை என்று. அடுத்து அவர்கள் செய்வதைத்தான் நான் கண்ணில் ஒற்றிக்கொள்ள விரும்புகிறேன்: அதே நிலையை, நிறத்தை மாற்றி, இன்னொரு முறை ஆட வைக்கிறார்கள். இவர் உட்கார்ந்த நாற்காலியில் அவர். இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துத்தான் மதிப்பெண்.

"கறுப்பா உக்காந்து டிரா பண்ணிட்டு, வெள்ளையா உக்காந்து ஜெயிச்சா அதுதான் சித்தி பெரிய நிரல்" என்றான். "வெள்ளைல ஜெயிக்கறது மட்டும் ஒரு விஷயமே இல்ல."

மறுபிறப்பு என்று ஒன்று இருந்தால் அது இப்படி இருக்கட்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். செய்ததற்கு அடிவாங்குவதற்காக இல்லாமல், மற்றவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்க. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னவர்கள் ஒரு பிறவி அந்த ஜன்னலோரத்தில் இருந்து கேட்க. வஞ்சமாக இதைச் சொல்லவில்லை. அங்கிருந்து கேட்டால்தான் அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கிறது என்று தெரியும். தெரிந்தவர்கள் அதைத் திரும்பச் சொல்ல மாட்டார்கள்.

திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்துக்குப் பக்கம் பூவனூர் என்று ஓர் ஊர். மூலவர் சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத அரசகுமாரியாக அம்பிகை பிறந்திருக்க, சிவன் கிழவராக வந்து அவளோடு ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோதுதான் இந்தக் கோயில் நிறையப் பேருக்குத் தெரியவந்தது. அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு காரில் போய்வந்தோம். கணக்கெழுதும் சித்திரகுப்தனுக்குக் காஞ்சிபுரத்தில் கோயில் உண்டு. அந்த உருவத்தைவிட இது என் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. பூவனூரில் இறைவன் யாருடைய ஏட்டையும் புரட்டவில்லை. எதிரே வந்து உட்காருகிறான், அதே விதிக்கு உட்பட்டு ஆடுகிறான்.

அக்கா மட்டும் என்னோடு முழுக்க உடன்படவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் சொன்னாள்: "நீ என்ன வேணாலும் எழுது. முன்வினைன்னு நான் நம்பறேன். என் வினை. போன பிறவில எந்தப் புள்ளையையோ தூக்கத் தவறிட்டேன், இந்தப் பிறவில தூக்கறேன்னு நினைச்சுக்கறேன். அப்படி நினைச்சாத்தான் காலைல எந்திரிச்சு அவனைக் குளிப்பாட்ட எனக்குத் தெம்பு வருது. அவன் வினைன்னு எவளாவது சொன்னா அன்னிக்கும் சண்டை, இன்னிக்கும் சண்டை."

அவளிடம் வாதிட நான் போகவில்லை. தன் அடுத்த நகர்வுக்குத் தெம்பாகத் தன் மேலேயே அவள் வைத்துக்கொண்ட எடை அது. மலைக் குகையில் படுத்திருந்தவர்கள் வைத்துக்கொண்டதும் அப்படிப்பட்டதுதான். ஆனால் அவள் எந்தப் பிள்ளையையும் தவறவிட்டவள் என்று நான் ஒருநாளும் நம்ப மாட்டேன். அதை மட்டும் அன்று அவளிடம் சொன்னேன். முன்சீட்டில் இருந்தவன், "சித்தி சொல்றதுதாம்மா சரி" என்றான். அவள் பதில் சொல்லவில்லை. அதற்குள் வண்டி திருமங்கலம் சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டது, மூவரும் அவன் மாத்திரை நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.